பாடியவர் படம் இருக்கிறது. படியளந்தவர் ஏடு எங்கே?

2016-ஆம் ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் நூற்றாண்டு வந்தபோது, பம்பாயில் மாட்டுங்காவை ஒட்டிய கிங்ஸ் சர்க்கிள் ஷண்முகானந்த சபையார் அவருடைய வாழ்க்கையைப் புகைப்படங்களாகத் திரட்டிக் கண்காட்சியாக வைத்தார்கள். மதுரையில் வீணை சண்முகவடிவின் மகளாகப் பிறந்து, திரைப்படத்தில் மீராவாகத் தோன்றி, 1966-இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடி, 1998-இல் பாரத ரத்னா விருதும் பெற்ற ஒரு மாபெரும் வாழ்க்கையை, அவர் பாடிய மேடைக்கு உரிய ஒரு சபாவே அவ்வாறு கௌரவித்தது மிகவும் பொருத்தம். அதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. ஆனால் அந்தக் குரலை இந்த மராட்டியத் தலைநகருக்கு வரவழைத்தவர்கள் யார், அவருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் சன்மானம் எந்தக் கைகளிலிருந்து வந்தது, ஏறக்குறைய 3,000 பேர் உட்காரும்படியான ஒரு மண்டபத்தைக் கட்டிவிடலாம் என்ற துணிவு எந்த மனிதர்களுக்கு எந்த வருமானத்தை நம்பிப் பிறந்தது என்று ஒருவர் கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் கண்காட்சி மாட்டுங்காவில் இதுவரை இல்லை. இருக்கவேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

கலையைப் போஷித்தவர்களுக்கு நம் தேசத்தில் மரியாதையே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. மரியாதை உண்டு, அது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த மரியாதை. மண்டபத்தின் வாசலில் மாலை சூட்டிய ஓர் எண்ணெய்ச் சித்திரம், அதன் கீழே பித்தளைத் தகட்டில் பெயரும் பட்டமும், ஆண்டுக்கொருமுறை அவர் நினைவாக ஒரு கச்சேரி, அந்தக் கச்சேரியின் ஆரம்பத்தில் அவருடைய பேரனுக்கு ஒரு பொன்னாடை என்பதோடு அந்த மரியாதை முடிந்துபோகிறது. அந்தச் சித்திரத்தைப் பார்க்கிறவனுக்கு அவர் தலைப்பாகை எப்படிக் கட்டினார் என்பது தெரியுமே தவிர, எந்த வித்வானை எதற்காகத் தேர்ந்தெடுத்தார், யாரை நிராகரித்தார், பணம் முடைப்பட்டபோது என்ன செய்தார், தம் ரஸனையில் எங்கே சறுக்கினார் என்பவற்றில் ஒன்றும் தெரியாது. போஷகரின் திறமை அவருடைய பணப்பெட்டியில் இல்லை. அவர் செய்த தேர்வில் இருக்கிறது. தேர்வு முகத்தில் தெரிவதில்லை. கடிதத்திலும் கணக்கிலும்தான் தெரிகிறது.

இதற்குச் சான்றாக நம் பம்பாயிலேயே, செம்பூர்த் தமிழர்களுக்கு மிகவும் பரிச்சயமான ஒருவரைக் காட்டலாம். ஹோமி பாபா என்றவுடன் நமக்கு நினைவு வருவது டிராம்பேயில் அவர் நிறுவிய அணுசக்தி ஸ்தாபனமும் அணு உலையும்தான். 1956-இல் ‘அப்ஸரா’ உலை இயங்கத் தொடங்கிய நாள் முதலாக, செம்பூரையும் அணுசக்தி நகரையும் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல; அந்த ஸ்தாபனத்தின் தலைமைப் பதவியை வகித்தவர்களில் பி. கே. அய்யங்காரும் ஆர். சிதம்பரமும் உண்டு. ஆகையால் பாபா என்ற பெயர் அந்த வட்டாரத்தில் வீட்டுப் பெரியவர் பெயரைப்போலப் புழங்கியது. ஆனால் அதே பாபா, சுதந்திரத்துக்குப் பிந்திய இருபது ஆண்டுகளில் இந்திய நவீன ஓவியத்துக்கு வாய்த்த மிகப்பெரிய போஷகர்களில் ஒருவர் என்ற விஷயம், அவருடைய ஆராய்ச்சிக் கூடத்துக்கு வெளியே வெகுகாலம் அதிகமாகப் பேசப்படவில்லை. 1941-இல் நாகபுரியில் கூடிய விஞ்ஞானிகள் சபையில் அவரை அறிமுகம் செய்துவைத்த ஸர் சி. வி. ராமன், இந்த இளைஞர் நம் காலத்து லியனார்டோ டாவின்சி என்று சொன்னாராம். ராமன் எளிதில் பிறரைப் புகழும் சுபாவம் உடையவர் அல்லர். பாபா தாமே சித்திரம் வரைபவர் என்பதும் மேல்நாட்டுச் சங்கீதத்தில் ஆழ்ந்தவர் என்பதும் அறிந்தே அவர் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

1945-இல் டாட்டா அறக்கட்டளையின் பொருளுதவியோடு பாபா தொடங்கிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம், பம்பாயில் முதலில் அவருடைய உறவினர் வீட்டிலும் பிறகு கேட்வே அருகிலுள்ள பழைய படகு கிளப்பிலும் இருந்துவிட்டு, 1962-இல் கொலாபாவின் கடற்கரை முனையில் தன் சொந்தக் கட்டடத்துக்குக் குடிபுகுந்தது; நேருவே வந்து திறந்துவைத்தார். அந்தக் கட்டடத்தின் செலவில் நூற்றுக்கு ஒரு பங்கைக் கலைப் படைப்புகளுக்கு ஒதுக்கவேண்டும் என்று பாபா கேட்டு, நேருவின் சம்மதத்தையும் பெற்றார். சாப்பாட்டுக்கே அயல்நாட்டுக் கோதுமையை எதிர்பார்த்திருந்த ஒரு தேசத்தில், கணிதமும் பௌதிகமும் ஆராயும் ஒரு கூடத்தின் சுவர்களுக்குச் சித்திரம் வாங்க அரசாங்கத்தினிடம் பணம் கேட்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். கேட்டதைக் கணக்கில் ஒரு விழுக்காடு என்று எழுதிக் கேட்பதற்கு நிர்வாக புத்தியும் வேண்டும். பாபாவிடம் இரண்டும் இருந்தன.

அந்த ஒரு விழுக்காடு எப்படிச் செலவாயிற்று என்பதுதான் இங்கே நமக்கு முக்கியம். வரவேற்புக் கூடத்தின் நீண்ட சுவருக்கு ஒரு பெரிய சித்திரம் வேண்டியிருந்தது. பாபாவின் எண்ணம் முதலில் பிக்காஸோவிடமே சென்றது. தமக்குத் தெரிந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால் மூலமாக, பிக்காஸோ இந்தியாவுக்கு வந்து அந்தச் சுவரில் வரைவாரா என்று கேட்டு எழுதினார். அது கைகூடவில்லை. அதற்காகச் சோர்ந்துவிடாமல், இந்திய ஓவியர்களை அழைத்து மாதிரிச் சித்திரங்கள் கேட்டுப் போட்டியாக நடத்தினார்கள். அதில் தேர்வானவர் எம். எப். ஹுஸைன். ‘பாரத பாக்கிய விதாதா’ என்று பெயரிட்டு, ஏறக்குறைய 45 அடி நீளத்துக்கு அவர் தீட்டிய அந்தச் சித்திரம் இன்றும் அங்கே இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வருகிற மாணவன், தேநீருக்குப் போகிற குமாஸ்தா, விருந்தாளியாக வருகிற நோபல் பரிசுக்காரர் ஆகிய எல்லோரும் அதைக் கடந்துதான் போகவேண்டும். அதற்கு நுழைவுச் சீட்டு கிடையாது, விளக்கு வெளிச்சத்தின் தனி அலங்காரமும் கிடையாது. உலகத்தின் மிகப்பெரிய பெயரில் ஆரம்பித்து, அது கிட்டாதபோது சொந்த ஊர்க்காரர்களிடையே போட்டி வைத்து, சினிமா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்திருந்த ஒருவரின் கையில் முடிந்த இந்தத் தேர்வின் கதையை எந்த எண்ணெய்ச் சித்திரம் சொல்லிவிட முடியும்?

அதன் பிறகும் பாபா ஓயவில்லை. ஹுஸைன், கெய்டொண்டே, ஆரா முதலியவர்களின் படங்களை, அவற்றின் விலை நூறுகளில் இருந்த காலத்திலேயே நிலையத்துக்காக வாங்கினார். 1966 ஜனவரி 24-ஆம் தேதி மோன் பிளாங் மலையில் விமானம் மோதி அவர் இறந்த பின்பு, அவருடைய இடத்துக்கு வந்த எம். ஜி. கே. மேனன் அந்த வழக்கத்தைச் சில ஆண்டுகள் விடாமல் நடத்தினார். இன்று அந்தத் தொகுப்பில் இருநூறுக்கு மேற்பட்ட படைப்புகள் இருக்கின்றன. பாபாவின் நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் அவை நூலாகவும் கண்காட்சியாகவும் வெளியுலகத்துக்கு அறிமுகமாயின. அந்த அறிமுகம் சாத்தியமானதற்கு ஒரே காரணம், நிலையத்தின் ஆவணக் காப்பகத்தில் பாபாவின் கடிதங்களும் அலுவலகக் குறிப்புகளும் கோப்புக் கோப்பாகத் தங்கியிருந்ததுதான். பாபா செலவிட்டது தம் சொந்தப் பணமன்று. பெரும்பகுதி அரசாங்கப் பணம். பொதுப் பணத்தைச் செலவழிக்கிறவன் ஏன் வாங்கினேன், எதற்கு வாங்கினேன் என்று எழுதிவைக்க வேண்டியவனாகிறான். தணிக்கைக்காரருக்கு எழுதிய அந்தச் சமாதானமே பிற்காலத்தில் சரித்திரமாயிற்று.

இதே பாபாவின் வாழ்க்கையில் எதிரான பாடமும் உண்டு. மலபார் குன்றில் அவர் வாழ்ந்த ‘மெஹராங்கீர்’ மாளிகை, தம்பி ஜாம்ஷெத் பாபாவின் உயில்படி தேசியக் கலை நிகழ்த்து மையத்துக்குப் போய், 2014-இல் 372 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அதை நினைவாலயமாக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் கோரிக்கை விடுத்தும் பயனில்லை. இரண்டு ஆண்டுகளில் மாளிகை இடிபட்டது. அன்று பத்திரிகைகளில் எழுந்த ஆதங்கம் நியாயமானதே. ஆயினும் நிதானமாக யோசித்தால், கலையை வளர்க்கும் ஒரு ஸ்தாபனம் அந்தப் பணத்தைக் கொண்டு இன்னும் பல ஆண்டுகள் சங்கீதமும் நாடகமும் நடத்தலாம் என்பதும், பாபா உறங்கிய கட்டிலைவிட அவர் எழுதிய கடிதங்கள் பிழைத்திருப்பது மேல் என்பதும் தோன்றாமல் போகாது. வீடு போனாலும் ஏடு தங்கிவிட்டது. மாட்டுங்காவில் நாம் அஞ்சவேண்டியது வீடும் போய் ஏடும் போய்விடும் நிலையைத்தான்.

மாட்டுங்காவின் போஷகர் எவர் என்று கேட்டால், கொலாபாவுக்கும் மலபார் குன்றுக்கும் சொல்வதுபோல ஒரு பெயரைச் சொல்லிவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாயைச் சூறையாடிய பிளேக் நோய்க்குப் பின், நெருக்கடியைக் குறைப்பதற்காக நகர அபிவிருத்தி டிரஸ்ட் வகுத்த தாதர், மாட்டுங்கா மனைத் திட்டங்களில்தான் இந்த ஊர் பிறந்தது. அகலமான தெருக்களும், மரநிழலும், மூன்று மாடிக்கு மேற்போகாத வீடுகளும் அமைந்த அந்தப் புதுக் குடியிருப்புக்கு, ரயில்வே கணக்கிலும் வங்கியிலும் வர்த்தகக் கம்பெனிகளிலும் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு உத்தியோகம் தேடிவந்த தென்னாட்டவர்கள் குடியேறினார்கள். பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் வந்த அவர்களிடம் ஜமீன் இல்லை, மிட்டா இல்லை, மாதச் சம்பளம் ஒன்றே இருந்தது. அந்தச் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை ஊருக்கு மணியார்டர் அனுப்பி, மிச்சத்தில் வாடகை கொடுத்து, அதற்கும் மிஞ்சியதில் சந்தா கட்டி அவர்கள் கோயிலும் பஜனை சமாஜமும், 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும், சங்கீத சபாக்களும் உண்டாக்கினார்கள். ராஜாக்களும் செட்டிநாட்டுப் பிரபுக்களும் ஒற்றைக் கையால் செய்த காரியத்தை இங்கே குமாஸ்தாக்கள் கூடிச் செய்தார்கள்.

இந்தக் கூட்டுப் போஷணை என்னென்ன செய்தது என்பதற்கு இரண்டு உதாரணங்கள் போதும். 1945-இல் மாட்டுங்காவில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலாமந்திர் தோன்றியது. திருவிடைமருதூர் குப்பையாப் பிள்ளையின் பரம்பரையில் வந்த நட்டுவனார்கள், கோவிந்தராஜ பிள்ளையும் மகாலிங்கம் பிள்ளையும் கல்யாணசுந்தரம் பிள்ளையுமாக, காவேரிக் கரையின் நாட்டியப் பத்ததியை அரபிக் கடலோரத்துக்குக் கொண்டுவந்து, தமிழ்ப் பெண்களோடு குஜராத்தி, மராட்டிப் பெண்களுக்கும் தட்டுக்கழியின் தாளத்தில் அடவு சொல்லிக்கொடுத்தார்கள். கோயில் மானியமும் சமஸ்தானச் சம்பளமும் அற்றுப்போன ஒரு காலத்தில், தலைமுறை தலைமுறையாக அவற்றை நம்பியிருந்த ஒரு குலவித்தை இந்த ஊரில் பிழைத்ததென்றால், மாதாமாதம் தவறாமல் வந்த பெற்றோர்களின் சம்பளக் கட்டணமே அதற்கு மானியமாக நின்றது. அந்தப் பெற்றோர்களில் எவருடைய படமும் எந்தச் சுவரிலும் இல்லை.

இரண்டாவது, 1952-இல் உருவான ஷண்முகானந்த சபாவே. பதினொரு ஆண்டுகளில், அதாவது 1963-இல், ஆசியாவின் மிகப்பெரிய அரங்குகளில் ஒன்று என்று பேர்வாங்கிய மண்டபத்தை அது எழுப்பிவிட்டது. 1990-இல் அந்த மண்டபம் தீக்கு இரையாயிற்று. மேடையும் ஆசனங்களும் கரிந்துபோன ஒரு ஸ்தாபனம் அத்தோடு கதவைச் சாத்தியிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் எட்டு ஆண்டுப் பிரயாசைக்குப் பின் 1998-இல் அது மறுபடியும் திறந்தது. முதல் முறை கட்டியதைவிட இரண்டாம் முறை கட்டியதே எனக்கு அதிசயமாகத் தோன்றுகிறது. ஏனென்றால் முதல் முறை கட்டும்போது நம்பிக்கை இருந்தது, இரண்டாம் முறை கட்டும்போது அனுபவமும் சேர்ந்து பயமுறுத்தியிருக்கும். அந்த எட்டு ஆண்டுகளின் நடவடிக்கைக் குறிப்பேட்டையும், வரவுப் பேரேட்டையும், ஆயுள் உறுப்பினர்களுக்கு எழுதிய சுற்றறிக்கைகளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்துவைத்தால், பம்பாய்த் தமிழர்களின் குணத்தைப் பற்றி அவை சொல்லக்கூடியதை வேறெந்த வரலாற்று நூலும் சொல்லாது.

சபாக்களின் காகிதங்களோடு நிற்காமல், இத்தகைய கண்காட்சி வீடுகளுக்குள்ளும் போகவேண்டும். ஓட்டல் அறை எடுத்துத் தரும் வசதி சபாக்களுக்கு வருவதற்கு முன்பு, மெயில் வண்டியில் தம்பூராவும் மிருதங்கமுமாக தாதரில் வந்திறங்கிய வித்வான்களுக்கு யாரேனும் ஓர் உறுப்பினரின் வீடுதான் ஜாகை. இரண்டு அறையும் ஒரு கூடமும் உடைய வீட்டில், பாடகருக்குக் கூடத்தையும் பக்கவாத்தியக்காரருக்கு ஓர் அறையையும் கொடுத்துவிட்டு, குழந்தைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி, வித்வானுக்குத் தொண்டை கட்டாமல் மிளகு ரசமும் வெந்நீரும் வேளை தவறாமல் கொடுத்த அந்த வீட்டு அம்மாளின் பெயர் சபா அறிக்கையில் வராது, ‘திரு. இன்னார் இல்லத்தில் தங்கினார்’ என்று அவள் கணவர் பெயரே வரும். சன்மானம் குறைவாயிருந்தும் வித்வான் மறு ஆண்டும் வந்தாரானால், அதில் அந்த அடுப்படிக்கும் பங்கு உண்டு. போஷகர் என்ற தலைப்பில் கண்காட்சி வைக்கிறவர்கள் இவளை விட்டுவிட்டால் அது பாதிக் கண்காட்சிதான்.

பெண் ஒருத்தி வெளிப்படையாகவே போஷகராக நின்ற கதை நம்மிடம் இல்லாமலில்லை. பெங்களூர் நாகரத்னம்மாள் தாமே பெரிய பாடகி. தேவதாசி குலத்தில் பிறந்தவர். 1910-இல் முத்துபழனியின் தெலுங்குக் காவியத்தை முழுமையாக அச்சிட்டு, அது ஆபாசம் என்று அரசாங்கம் தடைவிதித்தபோது அஞ்சாமல் நின்றவர். திருவையாற்றில் பாழடைந்து கிடந்த தியாகராஜரின் சமாதிக்கு 1921 தொடங்கி 1925-க்குள் தம் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டுக் கோயில் எழுப்பியவர் அவர். அங்கே ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்று, அதை நடத்திவந்த ஆண் கோஷ்டிகள் இரண்டும் ஒருமனதாக நின்ற காலத்தில், 1927-இல் பெண்களுக்கென்றே தனிக் கோஷ்டி கூட்டித் தாம் கட்டிய கோயிலில் தாமே பாடினார். 1952-இல் அவர் மறைந்த பின், சமாதிக்கு எதிரே அவருக்கும் ஒரு சிலை எழுந்தது. பணம் கொடுத்தவருக்கு உரிமையும் உண்டென்று போராடி நிலைநாட்டிய அந்த அம்மையாரைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்குக் காரணமும், அவர் தம் உயிலையும் பத்திரங்களையும் ஒழுங்காக எழுதிவைத்ததும் பிற்காலத்தார் அவற்றைத் தேடிப் படித்ததுமே.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அதை மறைக்காமல் சொல்லவேண்டும். மாட்டுங்காவின் சபா உலகம் எல்லோருடைய உலகமுமா? கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தாராவி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே வாழ்கின்றன. அவர்களும் சந்தா வசூலித்தார்கள்; அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் கோயில் கட்டினார்கள்; கொடை விழாவுக்கு ஊரிலிருந்து மேளக்காரரையும் கரகக்காரரையும் ரயில் செலவு கொடுத்து வரவழைத்தார்கள்; பொங்கலுக்குத் தெரு முழுவதும் பானை வைத்தார்கள். ஒரு வில்லுப்பாட்டுக் குழுவுக்குத் தோல் தொழிலாளி கொடுத்த பணத்தையும், ஒரு வயலின் வித்வானுக்கு வங்கி குமாஸ்தா கொடுத்த பணத்தையும் கலை வேறு என்ற காரணத்தால் வேறு வேறாக நிறுத்துப் பார்க்க எந்தத் தராசுக்கும் அதிகாரம் கிடையாது. அரங்குக்கு உள்ளே வரத் தயங்கியவர்கள் இருந்தார்கள் என்பதும், அவர்கள் தயங்கும்படி நடந்துகொண்ட காலமும் உண்டென்பதும் உண்மையே. ஆகவே கண்காட்சி மாட்டுங்காவின் பெருமையை மாட்டுங்காவுக்கே எடுத்துச் சொல்வதாக அமைந்தால், அது பழைய எண்ணெய்ச் சித்திரத்தின் விரிந்த பதிப்பாகவே முடியும். தாராவியின் நோட்டுப் புத்தகமும் அதே பெட்டியில், அதே உயரத்தில், அதே விளக்கில் இருக்கவேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் பணத்தைப் பற்றியது. சபாக்கள் இருக்கும் நிலையில், கச்சேரிக்கு ஸ்பான்ஸர் பிடிப்பதே பெரும்பாடாயிருக்க, பழைய ரசீதுகளுக்குக் கலைக்கூடம் கட்டச் சொல்வது விளையாட்டுப் பேச்சு என்று காரியதரிசிகள் சொல்லக்கூடும். கட்டடம் வேண்டாம். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற விளம்பரப் பலகை ஓவியர், தம் வீட்டிலேயே ஆயிரக்கணக்கான தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் நாடக நோட்டீஸ்களையும் திருமண அழைப்புகளையும்கூடச் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைப் பெற்றுச் சென்னையிலேயே நூலகமாக நிலைநிறுத்தியது. இன்று தமிழ்ச் சமூகத்தைப் பற்றி ஆராய்கிற எவரும் அந்த வாசலை மிதிக்காமல் போக முடியாது. ஒருவர் தனியாக இருந்து அவ்வளவு காப்பாற்ற முடிந்ததென்றால், ஆயிரக்கணக்கான உறுப்பினர்களை உடைய சபாக்கள் ஓர் அலமாரியையும் ஒரு ஸ்கேனரையும் பகுதிநேர உதவியாளர் ஒருவரையும் ஏற்பாடு செய்ய முடியாதா? அரங்கின் வெளித் தாழ்வாரத்தில், இடைவேளையில் காபிக்காகக் கூட்டம் நிற்கிற இடத்தில், பத்துப் பெட்டிகள் வைத்தால் போதும். அதைவிட நல்ல கலைக்கூடம் வேறில்லை. பார்வையாளர்களும் தயாராகவே இருக்கிறார்கள்.

அவசரம் எதற்கு என்று கேட்பவர்கள், பண்டார்க்கர் சாலையிலும் டெலாங் சாலையிலும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தால் போதும். மூன்று மாடி வீடுகள் ஒவ்வொன்றாகப் பச்சைத் திரை போர்த்திக்கொள்கின்றன. ரீடெவலப்மெண்ட் என்ற மந்திரம் காதில் விழுந்தவுடன் குடும்பங்கள் மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வாடகை வீடு தேடிச் செல்கின்றன. அப்படிப் போகும்போது, பரணில் இருந்த தகரப் பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை. தாத்தா சபாவின் பொக்கிஷதாரராக இருந்த காலத்து ரசீதுப் புத்தகமும், வித்வான் தம் கைப்பட எழுதிய தபால் கார்டும், ஸீஸன் டிக்கெட்டின் பாதித் துண்டும், பழைய தமிழ் வாரப் பத்திரிகைகளோடு சேர்ந்து கிலோக் கணக்கில் ரத்திவாலாவின் தராசில் ஏறுகின்றன. அமெரிக்காவிலிருக்கும் பேரனுக்கு அவற்றைப் படிக்கத் தமிழ் தெரியாது; தெரிந்த பாட்டிக்கு அவற்றைத் தூக்க வலுவில்லை. தாராவியிலோ மறுவளர்ச்சித் திட்டம் பெட்டியைத் திறந்து பார்க்கும் அவகாசத்தைக்கூடக் கொடுக்குமா என்பது சந்தேகம். பத்தடிக்குப் பத்தடி வீட்டில் எதை வைப்பது, எதை எறிவது என்பது அங்கே தினசரிப் பிரச்சினை.

போஷகர்களைக் கொண்டாடுவது முகஸ்துதியில் முடியும் என்ற பயத்தையும் நான் அறிவேன். தற்காலத்தில் மேடைக்குப் பின்னால் தொங்கும் துணியில் வித்வானின் பெயரைவிட வங்கியின் பெயர் பெரிதாக இருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, கொடுத்தவனுக்கு இன்னும் ஒரு சுவர் வேண்டுமா என்ற எரிச்சல் வருவது இயல்பே. ஆனால் முகஸ்துதிக்கு மாற்று மௌனமன்று, கணக்கு. எவ்வளவு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார், கொடுத்ததற்கு என்ன எதிர்பார்த்தார், எந்த வித்வானுக்கு எவ்வளவு போயிற்று, பக்கவாத்தியக்காரருக்கு ஏன் அதில் கால்பங்குகூட வரவில்லை, எந்த ஆண்டு முதல் பெண் வித்வாம்சினிகளுக்கு ஆண்களுக்குச் சமமாகக் கிடைத்தது என்பவற்றையெல்லாம் பேரேடு ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடும். புகழத்தக்கவர் அதனால் இன்னும் புகழடைவார்; மற்றவர் தம் அளவில் நிற்பார். இன்று பணம் கொடுக்கிற கம்பெனிகளும் தங்கள் பெயர் நாளைக்கு எந்தப் பத்தியில் எழுதப்படும் என்று யோசித்துக்கொண்டு கொடுத்தால் நல்லதுதானே.

ஷண்முகானந்த சபாவுக்கு 2027-இல் எழுபத்தைந்து ஆண்டுகள் நிறைகின்றன. அதற்குச் சிறப்பு மலரும், பெரிய வித்வான்களின் கச்சேரி வரிசையும் ஏற்பாடாகும் என்பதில் சந்தேகமில்லை. அந்த வரிசையில் ஒரு மாலைக் கச்சேரியைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் இந்தப் பத்துப் பெட்டிகளைத் தயார் செய்யலாம் என்பது என் யோசனை. முதற்படியாக, சபாக்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு அனுப்பும் அடுத்த சுற்றறிக்கையிலேயே, பழைய காகிதம் எதையும் எறிவதற்கு முன் ஒருமுறை காட்டிவிட்டு எறியுங்கள் என்று ஒரு வரி சேர்க்கட்டும். அதே வரியைத் தாராவிச் சங்கங்களும் கோயில் அறிவிப்புப் பலகையில் எழுதட்டும். சந்தா கட்டச் சொன்னால் கட்டிய ஊர் இது. கட்டிய ரசீதைக் கேட்டாலும் கொடுக்கும்.